பட்டியலில் முதலிடம் பெற்ற பள்ளிக்கூடம்

எழுபதுகளில் பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். முதல் வேலையே பள்ளிக்கூடப் பட்டியல்தான். யூனியன் பள்ளிகளையெல்லாம் பார்த்து, எதை முதலில் பழுது பார்ப்பது, எதைத் தள்ளிப்போடலாம் என்று வரிசைப்படுத்தித் தரும்படி யூனியன் அதிகாரியான பி.டி.ஓ. சொல்லிவிட்டார். ஜூன் மாதம் முழுக்க சைக்கிளில் சுற்றினேன். கையில் டேப், ஒரு ஸ்க்ரூடிரைவர். உத்திரம் எதுவானாலும் குத்திப் பார்ப்பேன்.

பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் குத்தியபோது ஸ்க்ரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. உத்திரத்தின் உட்புறத்தைக் கரையான் தின்றிருந்தது. அங்கேயே நின்று நோட்டில் ‘முதலிடம்’ என்று எழுதினேன். தலைமையாசிரியை ஞானசுந்தரி அதைப் பார்த்துவிட்டார்.

“உத்திரம் சரியில்லன்னு எனக்கும் தெரியும் சார். அதுக்குக் கீழே யாரையும் உக்கார வெக்கறதில்ல. முழுப்பரீட்சை லீவுல பிரிங்க. இப்ப பிரிச்சா பெரிய பொண்ணுங்க நடவுக்குப் போயிடுவாங்க. போனா வரமாட்டாங்க.”

உத்திரம் லீவு பார்த்து விழாது என்றேன். அவர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அது வெற்றியாகப் பட்டது.

ஜூலையில் ஓடு பிரித்தோம். புது உத்திரம் வந்து சேர்ந்தது. சிமெண்டு வரவில்லை. அப்போது சிமெண்டுக்கு பர்மிட் வேண்டும். எங்கள் விண்ணப்பம் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. சின்ன வகுப்புகளை மாதா கோயில் தாழ்வாரத்தில் வைத்தார்கள். நாலாவதும் ஐந்தாவதும் புளியமரத்தடியில் நடந்தன. ஐப்பசி மழை பிடித்ததும் அந்த இரண்டு வகுப்புகளும் நின்றன. நான் வாரம் ஒருமுறை போய் நனைந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தை மாதம் வேலை முடிந்தது. எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் முடிந்த வேலையை எழுதப் போனேன். ஓடு வேய்ந்த கூரை நன்றாகவே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் பெண்கள் பக்கம் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு ஏழு பேர். ஞானசுந்தரி டீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, “வர்றீங்களா சார், ரெண்டு வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்” என்றார்.

முதல் வீட்டில் தாய் களத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பெண்ணை அனுப்பு என்று நான் சொன்னேன்.

“மூட்னப்போ யாரும் வந்து ஒண்ணும் சொல்லல சார். இப்ப அவ அறுப்புக்குப் போய்க்கினு கீறா. அவ கூலியிலதான் சின்னதுங்களுக்குச் சோறு. இன்னா சொல்லி நிறுத்தறது?”

டீச்சர் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். மற்ற வீடுகளுக்கும் போனோம். பிறகு நான் போகாத நாட்களிலும் அவர் போயிருக்கிறார். ஐந்து பேரில் இருவர் வந்தார்கள். மூவர் வரவில்லை.

அந்த உத்திரத்துக்கு நாலு சவுக்குக் கட்டை முட்டு கொடுத்திருந்தால் லீவு வரைக்கும் தாங்கியிருக்கும். அரைநாள் வேலை. அது எனக்குத் தெரியாததல்ல, தோன்றவில்லை. கட்டிடத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அவ்வளவுதான் தோன்றும்.

அடுத்த வருஷப் பட்டியலில் நானாக ஒரு கட்டம் சேர்த்தேன்: வேலை முடியும்வரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? இது எந்தப் படிவத்திலும் இல்லையே என்றார் பி.டி.ஓ. இல்லை சார், நான் போட்டது என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது முதலில் விழும் என்று கண்டுபிடிப்பது சுலபம். எப்போது பிரிக்கலாம் என்பதை மட்டும் அங்கே தினமும் பாடம் நடத்துகிறவரைக் கேட்டு எழுதுங்கள். அவர் லீவு வரை பொறுக்கச் சொன்னால், முட்டு கொடுத்துவிட்டுப் பொறுங்கள்.