வல்லை வெளியில் ஒரு கறுப்புக் குடை

காலை ஆறு இருபதுக்கு வல்லை வெளியில் நான் முதலில் கண்டது ஒரு கறுப்புக் குடை. மழை இல்லை. வெயிலும் ஏறவில்லை. முனியப்பர் கோவிலுக்கு முன்னால், தார் றோட்டின் ஓரத்தில், அயல்வீட்டு அக்கா அதை விரித்துப் பிடித்தபடி நின்றார். கடல்நீரேரிக் காற்று குடையை வடக்கே இழுத்தது. அவர் இரண்டு கையாலும் காம்பைப் பிடித்துத் தெற்கே சாய்ந்து நின்றார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பந்தயத்தின் எல்லை தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குடை. நடுவரும் அவர்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. ஐந்து வருடமாக அந்த வெளியில் யாரும் தேவையில்லாமல் நின்றதில்லை. ஒரு பனைகூட இல்லாத இடத்தில் ஹெலிகொப்டர் வந்தால் ஒளிக்க எதுவும் இல்லை. அந்த மாதங்களில் வானம் சும்மா கிடந்தது. இந்தப் பந்தயம் அப்போது ஓடாவிட்டால் எப்போதும் ஓடாது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

அக்காவின் கணவரைப் புத்தூரில் எல்லோரும் றேஸ் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவர்களுடையது. இளவயதில் மலைநாட்டில் பனிமூட்டத்துக்குள் மலையேற்றக் கார்ப் பந்தயம் ஓடி வென்றவர். தெற்கில் கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் வெள்ளைக்காரத் துரைமாரைப் பின்னுக்குத் தள்ளியவர். முடிவெட்டுகிற கடையில் இவரைப் பற்றிய கதைகள் வருடத்துக்கு வருடம் நீண்டன. உடைந்த பாலத்துக்கு மேலால் காரைப் பறக்கவிட்டவர் என்பது அவற்றில் ஒன்று. நான் பத்திரிகைக்காரன், நேரே கேட்டேன். "பாலமில்லைத் தம்பி, மதகு. பறக்கவுமில்லை, விழுந்தனான்" என்றார்.

எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் கொழும்பில் அவருடைய கராஜ் எரிந்தது. உள்ளே, உலகப் போருக்கு முந்திய ஒற்றை ஆசனப் பந்தயக் காரொன்று இருந்தது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது. அதன் ஸ்ரியறிங் வளையத்தை மட்டும், புதுத் தோல் சுற்றுவதற்காக முதல்நாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது அந்த வளையம். அக்காவின் கையில் ஒரு பால்மா ரின்னும் இரண்டு சேலையும்.

வளையத்துக்கு ஏற்றபடி மிச்சக் காரைக் கட்டத் தொடங்கினார். தண்ணீர்க் குழாய்களை வளைத்துச் சட்டம். கவிழ்ந்த ஏ-40 காரின் எஞ்சின். பூட்டிய தியேட்டரின் விளம்பரத் தகட்டில் உடம்பு. வலப்பக்கத்தில் பெயின்ற் உரிந்த இடத்தில் ஒரு கதாநாயகனின் பாதி மீசை தெரியும். தொண்ணூறில் மின்சாரம் நின்றதும் வெல்டிங்கும் நின்றது. அதனால் காரின் முன்பாதி ஒட்டுவேலை. பின்பாதி முழுக்க நட்டும் ஆணியும். பார்த்த உடனேயே எந்த இடத்தில் பொருளாதாரத் தடை வந்தது என்று சொல்லிவிடலாம்.

கார் முடிந்த வாரத்தில் அக்காவின் தண்ணீர் இறைக்கிற மெசின் உடைந்தது. பிஸ்ரன் போய்விட்டது. மாற்றுப் பிஸ்ரன் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் இல்லை. வெங்காயம் நட்டு மூன்று கிழமை. இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் கட்டாவிட்டால் சிவப்பு மண் வெடித்துவிடும். ஏ-40 எஞ்சினைப் பம்பியோடு பூட்டலாம் என்று யாரோ அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பின்னேரம் நான் அவர்கள் முற்றத்தில் இருந்தேன். கணக்குப் படிப்பிக்கும் மாஸ்ரரும் இருந்தார். இரட்டைக் குழாய் வைத்த இருநூறு சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றின் சொந்தக்காரர், ஊரிலேயே வேகமாக ஓடுகிற ஆள்.

"அண்ணை, உது தானா ஓடுமோ, இல்லாட்டில் தேர் மாதிரி வடம் பிடிக்க வேணுமோ?" என்றார் மாஸ்ரர்.

"வடம் பிடிக்கிறவன் தேருக்கு முன்னாலை நிக்க வேணும். உமக்கு அந்த இடம் கிடைக்காது."

"ரெண்டு பேரும் வாயாலை ஓடி முடிச்சாச்சோ?" என்று குசினி வாசலில் வந்து நின்றார் அக்கா. "இஞ்சேருங்கோ, நாளைக்கு அந்த எஞ்சினைக் கழட்டுங்கோ. வெங்காயம் வாடுது."

அண்ணை காரின் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒருக்கா ஓட விடும்" என்றார். "மாஸ்ரரை முந்தாட்டில் நானே கழட்டி உம்மடை கிணத்தடியிலை வைக்கிறன்."

"முந்தினால்?"

"முந்தினால் எஞ்சின் காரிலை இருக்கும்."

"சரி. ஆனால் முந்தினது ஆர் எண்டு நான்தான் சொல்லுவன். உங்கள் ரெண்டு பேரையும் நம்பேலாது."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தான் தோற்றால் லாபம் வரக்கூடிய ஒருவரை அண்ணை நடுவராக ஒப்புக்கொண்டது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பெற்றோல் ஒரு போத்தல் கிடைத்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. பாதி மாஸ்ரருக்கு, பாதி காருக்கு. அந்த வருடங்களில் எங்கள் வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் குளிரில் பிடிக்காது. ஆகவே பிள்ளைகள் பால் குடிக்கிற சின்னச் சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, சத்தம் சீரானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அண்ணையின் காரில் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். இடப்பக்கம் பெற்றோல், வலப்பக்கம் மண்ணெண்ணெய். வல்லை வரைக்கும் மண்ணெண்ணெயில் வருவது, பந்தயம் முழுக்கப் பெற்றோலில் ஓடுவது என்பது ஏற்பாடு.

மாஸ்ரரின் ஹோர்ண்தான் தொடக்கம். ஆறரைக்கு அது காற்றில் மெல்லியதாகக் கேட்டது. அக்கா குடையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

றோட்டின் தென்முனையில் ஒரு புள்ளி. அது மோட்டார் சைக்கிள். அதன் பின்னால், தரையோடு தரையாக, வெள்ளித் தகடு ஒன்று மின்னியது. இடைவெளி குறைந்தது. மாஸ்ரர் வயிறு பெற்றோல் ராங்கியில் முட்டும்வரை குனிந்திருந்தார். அவருடைய சேட் முதுகில் பலூன் போல ஊதியிருந்தது. கார் றோட்டின் வலப்பக்கத்துக்கு வந்தது. அந்தச் சத்தம்! மண்ணெண்ணெயின் அடைத்த தொண்டைச் சத்தத்தையே கேட்டுப் பழகிய காதுக்கு, பெற்றோலில் முழுவதுமாகத் திறந்த எஞ்சினின் சத்தம் வேறொரு நாட்டிலிருந்து வந்தது போல இருந்தது. சில்லுக்குச் சில்லு சமமாக வந்தார்கள். கார் முந்தியது. ஒரு கார் நீளம், இரண்டு கார் நீளம். நான் "விடாதை அண்ணை, விடாதை!" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, அக்கா பிறகு சொன்னார்.

அப்போது காரின் பின்னால் வெள்ளைப் புகை வெடித்தது.

ஒரு இருமல். இன்னொரு இருமல். கார் இழுபட்டது. புகை றோட்டை முழுவதுமாக மூடியது. மோட்டார் சைக்கிள் அதற்குள் புகுந்து காணாமல் போனது. இப்போது எங்களை நோக்கி வந்தது ஒரு வெள்ளைச் சுவர் மட்டுந்தான். அதற்குள் இரண்டு எஞ்சின்கள். ஒன்று கீச்சென்று கத்தியது. மற்றது இருமி, விக்கி, பிறகு திடீரென்று திரும்பவும் தொண்டை திறந்தது. நிலம் அதிர்ந்தது. சுவர் எங்கள் மேல் விழுந்தது. மண்ணெண்ணெய் மணம், சூடான காற்று, சிறு கற்கள். குடை உள்பக்கம் வெளியாகப் புரண்டது.

முனியப்பரை வணங்காமல் எந்த வாகனமும் அந்த வெளியைக் கடப்பதில்லை. மாஸ்ரர் காலைத் தேய்த்து நிறுத்திவிட்டார். காரால் முடியவில்லை. அது வல்லைப் பாலத்தடிவரை போய், பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. அண்ணை இறங்கி முதலில் கோவிலைப் பார்த்துக் கும்பிட்டார். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். கரி பிடித்த முகத்தில் இரண்டு வட்டங்கள் மட்டும் வெளிறி இருந்தன. அவர் சிரித்தார்.

"கை தானாப் போச்சுது தம்பி. சத்தம் சீராச்சுது, கை குழாயைத் திருப்பிப் போட்டுது. மண்ணெண்ணெய்க்கு! அஞ்சு வருசப் பழக்கம்."

"திருப்பினதோ?" மாஸ்ரர் றோட்டில் குந்தியிருந்து இருமிச் சிரித்தார். "மலையெல்லாம் ஏறின மனுசன், பந்தயத்துக்கு நடுவிலை எண்ணெய் மிச்சம் பிடிச்சிருக்கிறார்!"

"உடனை மாத்தினனான்."

"மாத்தி என்ன? நான் முந்தீட்டன்."

"ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "தம்பி பேப்பர்காரன், பொய் சொல்லாது" என்றார் மாஸ்ரர்.

"புகைதான் கண்டனான்" என்றேன். அது உண்மை.

அக்கா குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கார்."

"அக்கா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டல்லோ நிண்டனீங்கள்? புகைக்குள்ளாலை வரேக்கை நான் பாத்தனான்" என்றார் மாஸ்ரர்.

"ஓம், மூடிக்கொண்டுதான் நிண்டனான். உந்தச் சத்தத்தை எத்தினை வருசம் குசினிக்குள்ளை இருந்து கேட்டிருப்பன்! அதுக்குக் கண் வேணுமோ? முதல் என்ரை காதைக் கடந்தது அதுதான். உம்மடை கீச்சுச் சத்தம் பிறகு வந்தது."

மாஸ்ரர் விடவில்லை. "அப்ப உங்களுக்குத் தண்ணி மெசின் வேண்டாமோ?"

"வேணும்," என்றார் அக்கா. "ஆனால் முந்தினது கார்."

அண்ணை குனிந்து எஞ்சின் மூடியில் கையை வைத்தார், சுட்டதும் எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

மத்தியானம் அலுவலகத்தில் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். பெற்றோல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள் என்று சொல்லி ஆசிரியர் போடவில்லை. அந்த வாரம் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் பத்திரிகை அச்சடித்தோம். எப்படியும் இடம் இருந்திருக்காது.

பின்னேரம் நான் சைக்கிளில் திரும்பும்போது அவர்கள் கிணற்றடியில் ஆள் தெரிந்தது. அண்ணை துலாவில் கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அக்கா மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.