யப்பான் கோட்டைக்குப் போன கூறைச்சேலை

சேலை உடுத்திவிடும் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாள் முழுக்க எங்கள் வாயில் மடிப்புக்குக் குத்தும் பின் இருக்கும், ஆனபடியால் ஒருவரும் எங்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. கூச்சக்காரியான எனக்கு அது வசதி. வெளிநாட்டில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஓர் அழகுக் கடையில் மணப்பெண்களுக்கு உடுத்திவிடுகிறேன். ஒருமுறை பக்கத்து ஊரான ஓல்னேயிலிருந்து வந்த பெண்ணொருத்தி, கலியாணம் முடிந்த கையோடு படம் எடுக்க யப்பானுக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வயது மகளை என் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

நல்ல நாள்

பெண்ணின் ஆசை ஒன்றுதான்: கூறையோடு அவள், பின்னால் கோட்டை, படம் நிறையச் செர்ரிப் பூ. அதற்காக மண்டபத்துக் கேக்கைக்கூட வேண்டாமென்று விட்டவள். பயண நாளை, லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்குப் பதிலாகக் கூட வந்த மாமியார் ஐயரிடம் கேட்டுக் குறித்தார். அட்டமி, நவமி எல்லாம் தள்ளித் தள்ளி நாங்கள் போய் இறங்க, மரம் முழுக்கப் பச்சை இலை. பெண்ணின் கண் மை கரையத் தொடங்கியது. படம் எடுக்கும் அண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயரிட்டைக் கேட்டியள் மாமி, மரத்திட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

சப்பாத்துப் பை

கோட்டையையாவது பார்ப்போமென்று உள்ளே போனோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அதைப் போட்டுக் கையில் கொண்டுபோக ஒரு பையும் தந்தார்கள். அவ்வளவுதான், மாமி அது கோயில் என்று முடிவெடுத்துவிட்டார். ஏணி மாதிரிப் படி. பெண் முன்னால், சேலைக் கொய்யக மடிப்பைத் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னால், "முருகா" என்றபடி மாமி எனக்கும் பின்னால். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற இரும்புக் கவசத்துக்கும் ஒரு கும்பிடு போட்டார். பின்னால் வந்த இரண்டு யப்பான்காரர், எதற்கும் இருக்கட்டுமென்று, தாங்களும் கும்பிட்டார்கள். உச்சித் தட்டில் நாலு யன்னலும் காற்றும்தான். மாமி சுற்றிப் பார்த்தார்:

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லாட்டி, செருப்பை ஏன் கழட்டச் சொன்னவங்கள்?"

மூன்று பின்

திரும்பும்போதும் எல்லோரும் மேலேதான் தேடினார்கள், ஒரு கொப்பிலாவது பூ மிச்சமிருக்குமா என்று. நான் கூச்சத்தாலும் தொழிலாலும் நிலம் பார்த்து நடக்கிறவள். பாலத்தில் கொய்யகத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். கோட்டை அகழியில் தண்ணீரே தெரியவில்லை. விழுந்த பூவெல்லாம் கரைக்குக் கரை ரோஸ் நிறமாக மூடிக் கிடந்தது. சொல்ல வேண்டும், வாயில் மூன்று பின். "ம்ம்" என்றேன், ஒருவரும் திரும்பவில்லை. பின்களைக் கையில் துப்பிவிட்டு, "கீழை பாருங்கோ" என்று கத்தினேன். யப்பான்காரரும் சேர்ந்து பார்த்தார்கள்.

அண்ணை எதிர்க்கரைக்கு ஓடினார். பூவுக்கு மேலே சிவப்புக் கூறை, பின்னால் கோட்டை. பெண் அன்றைக்கு முதல்முறை சிரித்தாள். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"நான் இந்தப் பிள்ளை ஊமை எண்டெல்லோ நினைச்சனான்."

இப்போது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிற எல்லோரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள், சரியாக நான் பின்னை வாயில் வைத்த பிறகு.