ஞாயிற்றுக்கிழமைப் புல்

ரெகினாவைப் பிடிவாதக்காரி என்று எங்கள் மலையில் சொல்வார்கள். பொய்யில்லை. மரம் வெட்டப் போன இடத்தில் புருஷன் செத்தான். மைத்துனன் வந்து, "பசுவை நான் ஓட்டிக்கிட்டுப் போறேன், பொம்பளைக்கு எதுக்கு?" என்றபோது, கோடரியை மடியில் வைத்தபடி கொட்டகை வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கும் இரண்டு மகள்களுக்கும் அந்தப் பசுதான் சோறு. அந்த வருஷம் முதல் அறுப்புப் புல் மழையில் கறுத்துப் போனது. இரண்டாவது அறுப்பைக் கம்பங்களில் தொங்கவிட்டுக் காய வைத்தாள். சனிக்கிழமை இறக்கிப் பரப்பினாள். உள்ளே சேர்ப்பதற்குள் ஞாயிறு ஓய்வை அறிவிக்கும் கோயில் மணி அடித்துவிட்டது. அந்த மணிக்குப் பிறகு திங்கள் விடியும்வரை இங்கே யாரும் வயல் வேலை செய்வதில்லை. இந்தப் புல்லும் நனைந்தால் குளிருக்கு முன் பசுவை விற்க வேண்டியதுதான்.

ஞாயிறு பூசை முடிந்து, பவள மாலையும் பூவேலைச் சட்டையுமாக வந்தவளைக் கிராக்கோ நகரத்திலிருந்து வந்திருந்த ஓவியர் மறித்தார். புல்வெளியில் நிறுத்தி வரைய வேண்டுமாம். எப்படியும் புல்லுக்குக் காவல் உட்காரத்தான் போகிறோம் என்று ஒப்புக்கொண்டாள். அவர் புல்லை வாரிக் குவிக்கும் மரவாரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்கம்மா. வேலை எதுவும் வேண்டாம்."

கோயிலிலிருந்து திரும்பிய கூட்டம் வேலியோரம் நின்றுவிட்டது. முன்னால் பக்கத்து வீட்டு வாலண்டி.

"ஏ ரெகினா! கும்பிட்ட கை இன்னும் பிரியல, அதுக்குள்ள வாரியா?"

"நிக்கறேன் அண்ணே. வாரல."

"அதையே பாதிரியார்கிட்ட சொல்லு, நம்புவாரு!"

வாலண்டியின் மனைவி சலோமியா, "பவளம் போட்டுக்கிட்டுப் பாவம் பண்றா பாரேன், சாத்தான் வீட்டுக் கல்யாணம்னு நெனச்சுட்டா போல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரெகினா மலையை நிமிர்ந்து பார்த்தாள். சிகரத்தை மேகம் மூடியிருந்தது. காற்று நின்றுவிட்டது. மழைக்கு முன் பறப்பதுபோல் தகைவிலான் குருவிகள் தரையை உரசிப் பறந்தன.

"ஐயா, படம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முகம் முடிஞ்சுது."

"முகம் போதும். மிச்சத்தை நெனச்சு வரைஞ்சுக்குங்க."

மாலையைக் கழற்றி அவருடைய சாயப்பெட்டியில் போட்டுவிட்டு வாரியை இழுத்தாள்.

"இன்னிக்கு வேலை பாவம்னு சொன்னாங்களே?" என்றார் ஓவியர்.

"கெட்ட பேருதான் வாங்கியாச்சே. புல்லையாவது வாங்கிக்கறேன்."

மகள்கள் துப்பட்டிகளோடு ஓடி வந்தார்கள். புல்லை மூட்டையாகக் கட்டி முதுகில் தூக்கினார்கள். ஓவியரும் ஒரு மூட்டையைத் தூக்கி, அதன் மேலேயே விழுந்தார். காற்று மறுபடி கிளம்பியது. வாலண்டி இன்னும் வேலியோரம்தான் நின்றார்.

"அண்ணே, கொட்டகைக் கதவு காத்துல அடிக்குது. பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நிக்கறது பாவமில்லையே?"

வாலண்டி தன் மனைவியைப் பார்த்தார். பிறகு போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். கடைசி மூட்டை உள்ளே போகும்போது பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. மழை நான்கு நாள் விடவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார், "இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு" என்றார்.

"பொய் சொல்ல முடியாது சாமி. மறுபடி மழை வந்தா மறுபடி வாருவேன்."

மன்னிப்புக் கிடைக்கவில்லை. வாராவாரம் போய் அதையே சொன்னாள், வாராவாரம் அவரும் திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முன் பனி ஜன்னல் உயரம் ஏறியிருந்தது. கொட்டகையில் பசு புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்தது. ரெகினா கோயிலுக்குப் போய் முழங்காலிட்டாள்.

"இந்த வருஷம் இனிமே செய்ய மாட்டேன் சாமி."

பாதிரியார் ஜன்னலை மூடியிருந்த பனியைப் பார்த்தார். பிறகு மன்னித்துவிட்டார்.