டிரெய்லருக்குப் பிரேக் பிடிக்காத கோடை

நான் நான்காவது முடித்த விடுமுறை முழுவதும் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தே கழிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பட்டாளத்தில் ஓடிக் கழித்துவிட்ட ஜீப் ஒன்றும், அதன் பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் அப்பா வாங்கியிருந்தார். ஜீப் ஓடியது. டிரெய்லருக்குத்தான் விளக்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஜீப்பிலிருந்து வயர் இழுத்துப் பின்னால் சிவப்பு விளக்கு எரியவிட வேண்டும். டிரெய்லர் சக்கரத்துப் பிரேக்கை ஒரு கம்பிக் கயிற்றால் டிரைவர் சீட்டருகே உள்ள இரும்புப் பிடியோடு சேர்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை என்றார் மோட்டார் மெக்கானிக். அப்பா தானே செய்வதாகச் சொல்லி ஆறு வாரம் செய்தார்.

டிரெய்லருக்குப் பின்னால் வெயிலில் நின்று, விளக்கு எரிகிறதா என்று சொல்வது என் பொறுப்பு. எரிகிறது என்பேன். அப்பா வந்து பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று வயரைப் பிடுங்குவார். மறுநாள் பிரேக்கை மாட்டி, களத்தைச் சுற்றி ஓட்டி, பிடியை இழுப்பார். டிரெய்லர் நன்றாகவே நிற்கும். சாயங்காலம் பார்த்தால் கம்பிக் கயிறு கழன்று தரையில் கிடக்கும். என் வயதுச் சோட்டுப் பிள்ளைகள் எல்லாம் மாமன் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் கிரீஸ் வாசத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டம்ளர் இடம் மாறினாலே வீட்டை இரண்டாக்கிவிடும் அம்மாகூட அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப்புக்கு அடியிலேயே காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இத்தனையும் அத்தையை அனுப்பத்தான். அத்தை அப்பாவின் தங்கை. பெருந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. மாசி மாதம், கையில் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். கழுத்தில் எப்படி நகம் கீறியது என்று நான் கேட்டதற்கு, வெளியே போய் விளையாடு என்றாள் அம்மா.

கை கூடியதும் அழைத்துப்போக அத்தையின் மாமனார் வந்தார். பிறந்த வீட்டில் மாதக்கணக்கில் தங்கிய பெண்ணைச் சீர் இல்லாமல் அனுப்புவது எங்கள் பக்கம் கௌரவக் குறைச்சல். கட்டிலும் அண்டாவும் நெல் மூட்டைகளும் தயாராக இருந்தன. லாரி பேசிக்கொள்ளலாம் என்றார் அவர்.

"நம்மூட்டு ஜீப் இருக்கறப்ப லாரி எதுக்குங்க மாமா? டிரெய்லருக்குப் பிரேக்கு மட்டும் புடிக்கோணும். நானே கொண்டாந்து உட்டுப்போடறனுங்க" என்றார் அப்பா.

சம்பந்தி இவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் மோர் குடித்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வந்தார், வயர் சரியில்லை. மறுபடி வந்தார்; பிரேக் பிடிக்கவில்லை.

நாலாம் முறை அவர் வந்தபோது பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள்தான் பாக்கி. அப்பா பழைய பாட்டையே ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிரேக்கு நல்லாத்தானுங்க புடிக்குது தாத்தா. அப்பாதான் குறடு வெச்சுக் கழட்டிக் கழட்டிப் போடறாருங்க. நானே பாத்தனுங்க."

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் மாமனார் சிரித்துக்கொண்டே, நான் கெட்டிக்காரி என்றார். அரைமணி நேரத்தில் அப்பாவே கயிற்றை மாட்டினார், கட்டில் ஏறியது. அத்தை என் தலையைத் தடவி, நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்தாள்.

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பெருந்துறை வரை எந்த இறக்கத்திலும் பிரேக் அருமையாகப் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை. திரும்பி வரும்போது, அவிநாசி தாண்டியதும் அப்பா ஜீப்பை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அனுப்ப மாட்டேன் என்று நேராகச் சொன்னால் தங்கையை வாழாவெட்டி என்பார்கள். அனுப்பினால் அவளுக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதரிடம் இருந்தது ஒரு கம்பிக் கயிறு மட்டும்தான். இது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது? பிரேக்கைக் கழற்றியதை உறவுக்காரர் முன் காட்டிக்கொடுத்துவிட்டதால் கோபம் என்று நினைத்தேன்.

அவரைச் சமாதானப்படுத்த, அத்தையைத் திரும்பக் கூட்டிவரும்போதும் பிரேக் இப்படியே பிடிக்கும் என்றேன்.

"புடிக்கும் கண்ணு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே.