அக்காவின் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு

அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் ஒன்று அச்சிடவேண்டும் என்று அக்காவின் மகள் சொன்னபோது, வேறு யாரையாவது எழுதச் சொல் என்றேன். நான் எழுதினால் கோபம்தான் வரும், உறவுக்காரர்கள் மனம் கோணும் என்றேன்.

"கோணட்டுமுங்க மாமா. அம்மா இருந்திருந்தா அவுங்களே எழுதியிருப்பாங்க" என்றாள்.

ஆகவே தம்பி என்ற உரிமையில் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பலரும் இந்தக் கட்டுரைக்குள் இருக்கிறீர்கள். நானும் இருக்கிறேன்.

அக்கா ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் பிறந்தவர். எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளை. சாமையும் ராகியும் விளையும் கொஞ்சம் மேட்டுக்காடு, அது போக எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் கூலி, இவைதான் வீட்டின் பிழைப்பு. பத்தாம் வகுப்பு வரை படித்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது பெரிய படிப்பு. பிறகு மாரமங்கலத்திலிருந்து பிரிந்து கீழே இறங்கும் சாலையில் இருக்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மகளுக்கு நான்கு வயதாகும்போது, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகைப் பறிக்கப்போன அக்காவின் கணவர், என் மாமா, ஏணி சறுக்கி விழுந்து இறந்துபோனார். அக்கா தாய்வீட்டுக்குத் திரும்பவில்லை; துணைக்கு நான்தான் இந்த ஊருக்கு வந்து குடியேறினேன். ஊர்ப் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே அடுப்பில்தான் நின்றார்.

எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்பது சோறு போடுகிறவருக்கு முதலில் தெரியும். நம் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. அதற்கு மேல் படிக்க மேலூர்ப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். முன்பு ஒரு காலைப் பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் சாலை சரிந்தது, பஸ் நின்றது. சாலையைச் சரிசெய்தார்கள். பஸ் மட்டும் திரும்பவில்லை. எஸ்டேட்டுகளுக்கு நடுவே, காட்டெருமை குறுக்கே நிற்கிற வழியில், நடந்து போய் நடந்து வரவேண்டும். பையன்கள் எப்படியோ போனார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா சோறு போட்டு வளர்த்த பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள்.

பஸ் கேட்க வேண்டுமானால் கிராம சபையில் தீர்மானம் போடவேண்டும் என்று யாரோ அக்காவுக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு கிராம சபையையும் அவர் தவறவிட்டதில்லை. முதல் கூட்டத்திலேயே அவருக்கு ஒன்று புரிந்தது. நம் ஊரில் கூட்டம் நடப்பதில்லை, நோட்டுதான் நடக்கிறது. நான்கு பேர் உட்கார்ந்து எழுந்ததும், நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். என்ன தீர்மானம் என்று போடுகிறவருக்கும் தெரியாது. அக்கா எழுந்து நின்று ஊராட்சிச் செயலரிடம் சொன்னார்:

"ஏனுங்க, ஊட்டுல உக்காந்து போடுற கையெழுத்து கூட்டத்துல சேருமுங்களா? வந்தவிங்க மட்டும் போடட்டும். ஆளு பத்தலீன்னா பத்தலீன்னு எழுதுங்க."

அவர் விடாமல் மேலே புகார் எழுதியதால், நோட்டு வீதியில் நடப்பது நின்றது. அதோடு கூட்டமும் நின்றது. ஆள் போதவில்லை, ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவதே வழக்கமானது. வரச்சொல்லிக் கூப்பிட்ட அக்காவிடம் ஒருவர் காட்டில் வேலை என்பார், ஒருவர் முழங்கால் வலி என்பார். உங்கள் சாக்குகளை எல்லாம் அக்கா நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "பாவம் சாமி, அவுங்களுக்கும் நேரமில்ல" என்பார்.

நேரம் இருந்தது என்பது, பவித்ரா பாடப்போனபோது தெரிந்தது.

பவித்ராவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்ப் பெண். அக்காவின் சோறு தின்று வளர்ந்தவள். பஸ் இல்லாமல் எட்டாவதோடு நின்றவர்களில் அவளும் ஒருத்தி. குரல் நல்ல குரல். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் அவள் தேர்வானதும் மலையே எழுந்துகொண்டது. ஒரே வாரத்தில் குழு அமைத்தோம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பு. யார் வீட்டில் எத்தனை போன், யாருக்கு ஓட்டுப் போடும் ஆப்பை இறக்கத் தெரியாது என்று பட்டியல் போட்டோம். முழங்கால் வலிக்காரர் அடுத்த ஊரான மஞ்சக்குட்டை வரை நடந்து போய் ஓட்டுக் கேட்டார். நான் ஏற்காடு டவுனில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறேன். அங்கே பணியாட்கள் அத்தனை பேரின் போனையும் வாங்கி, விடுதியின் வைஃபையில் ஓட்டுப் போட்டேன். வாட்ஸாப் குழுவை நடத்தியவனும் நான்தான். இதை மறைத்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

படப்பிடிப்புக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். பவித்ராவை அந்தச் சாலையில் மூன்று முறை நடக்க வைத்தார்கள். பஸ் இல்லாததால் படிப்பை இழந்த மலைப்பெண் என்று, அழவைக்கும் இசையோடு அது ஒளிபரப்பானது. நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சாலை டிவியில் வந்ததும் நாம் கைதட்டினோம். பஸ் இல்லாத நம் கேவலத்தை நாமே பார்த்து விசில் அடித்தோம். அக்கா மட்டும் படம் எடுத்தவரிடம் கேட்டிருக்கிறார்.

"இத்தன பேரு பாக்கறாங்களே, பஸ்ஸு வருமுங்களா?"

"அனுதாபம் வரும்மா. ஓட்டு நிறைய விழும்" என்றாராம் அவர்.

இறுதிச் சுற்று சுதந்திர தினத்தன்று மாலை. அன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. பஸ் தீர்மானம் அதில் வைக்கப்பட்டிருந்தது. அக்கா ஒரு வாரம் முன்பே குழுவிடம் வந்தார். நாங்கள் பேனர் கட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டு அப்பறமா போங்க. சாயங்காலந்தானுங்களே பாட்டு?"

"டவுனு மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் கட்டறாங்க அண்ணி. நேரத்துல போனாத்தான் எடம் கெடைக்கும்" என்றார் குழுவின் தலைவர். வேறு யாருமில்லை, மாமாவின் தம்பிதான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

அன்று ஜீப்களிலும் வேன்களிலும் ஊர் காலியானது. பள்ளிக்கூட மைதானத்தில் அக்காவோடு சேர்த்து ஏழு பேர். செயலர் பன்னிரண்டரை வரை காத்திருந்துவிட்டு, போதிய ஆள் இல்லை என்று எழுதி நோட்டை மூடினார். மாலை பவித்ரா தோற்றாள். மண்டபத்தில் வளர்ந்த ஆண்களே அழுததைப் பார்த்தேன். மறுநாள் நம் ஊரில் கடை திறக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை படிப்பை விட்ட நாளில் நாம் ஒரு கடையையாவது சாத்தியிருக்கிறோமா?

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. அந்த வாரமே ஊருக்குள் பேச்சு வந்தது. "நோட்ட ஊட்டுக்கு அனுப்பியிருந்தா ஒரே நாள்ல தீர்மானம் ஆயிருக்கும். உங்க அக்கா புடிச்ச புடிவாதத்துல பஸ்ஸு போச்சு" என்று என்னிடமே சொன்னார்கள். நானும் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"அவளுக்கு ஓட்டுப்போட ஊரே கெளம்புச்சு. அதே புள்ளைக்கு பஸ்ஸு கேக்க ஏன் சாமி ஒருத்தரும் கெளம்பல? தெரியாதவிங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். உங்களுக்குப் பட்டியல் போடத் தெரியுது, தெருவுக்கு ஆளு வெக்கத் தெரியுது, அடுத்த ஊரு போயிக் கேக்கத் தெரியுது. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரலியா?"

கையை நீட்டினார். "உன்ற போனுல அந்தப் பட்டியலு இருக்குதல்லோ? குடு" என்றார். கொடுத்தேன்.

பவித்ரா ஊர் திரும்பியிருந்தாள். அவளே அக்காவைத் தேடி வந்து, கூட வருகிறேன் என்றாள். இருவரும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவளோடு செல்ஃபி எடுக்காத வீடு இல்லை. காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு ஊர் திரண்டு வந்தது. பாடு பாடு என்று கேட்டார்கள். தீர்மானத்துக்குக் கைதூக்கிய பிறகுதான் பாடுவேன் என்று பவித்ரா சொல்லிவிட்டாள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. அக்காவுக்கு முகம் மலரவில்லை. "பாட்டுக்குத்தான வந்தாங்க" என்றார்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. தீர்மானம் போட்டால் மட்டும் பஸ் வந்துவிடாது, பின்தொடர்ந்து போகவேண்டும். அக்கா திங்கட்கிழமைகளில் மலையிறங்கி, சேலத்தில் கலெக்டரின் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வருவார். ஜீப் நிறைய ஆள் வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். பவித்ரா மட்டும் போனாள். ஒருமுறை அங்கிருந்த அலுவலர் கேட்டாராம், "நீங்க ரெண்டு பேருதான் வர்றீங்க. ஊர்ல வேற யாருக்கும் பஸ் வேண்டாமாம்மா?" இதைப் பவித்ராதான் என்னிடம் சொன்னாள். அந்த ஆண்டு நாங்கள் அடுத்த பருவத்துப் போட்டியில் யாருக்கு ஓட்டு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கடந்த ஐப்பசியில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். சேலத்தில் பதினோரு நாள் வைத்திருந்தோம். அவருடைய நோய்க்கும் பஸ்ஸுக்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். அக்காவே அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பன்னிரண்டு மாதத் திங்கட்கிழமைகளை, பவித்ராவைத் தவிர வேறு துணையில்லாமல் அவர் சுமந்தார் என்பது உண்மை. கடைசி நாளுக்கு முந்தைய நாள், "மனு நகலு அலமாரில இருக்குது. நீயாச்சும் போ கண்ணு" என்றார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அக்காவுக்கு நான் அப்போதும் கண்ணுதான்.

இறுதி ஊர்வலத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. அவ்வளவு கூட்டத்தை அக்கா உயிரோடு இருந்தபோது ஒருமுறைதான் பார்த்திருந்தார். முற்றத்தில் சிலர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

குடியரசு தினத்தன்று கிராம சபையில் அக்காவுக்கு இரங்கல் தீர்மானம் வைத்தார்கள். ஆள் சேரவில்லை. அன்று எல்லா வீட்டிலும் ஒரு புதுப்படம் முதன்முறையாகச் சின்னத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "இரங்கல்தானுங்களே, நோட்ட ஊடு ஊடா கொண்டுபோனா போட்டுருவாங்க" என்று செயலர் நல்லெண்ணத்தில் சொன்னார். வேண்டாமுங்க என்றேன். ஊராட்சிப் பதிவேட்டில் அக்காவுக்கு இரங்கல் இல்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. மருத்துவமனையில் மாறி மாறிக் காவல் இருந்த அக்காவின் சம்பந்தி வீட்டாருக்கு நன்றி. இரத்தம் கொடுத்த விடுதிப் பணியாளர்கள் இருவருக்கு நன்றி. உடலை மலையேற்றிக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநருக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட சத்துணவுக்கூடத்துச் சகோதரிக்கும் நன்றி. இப்போது திங்கட்கிழமைகளில், இன்னும் வராத பஸ்ஸுக்காக என்னோடு மலையிறங்கி வரும் பவித்ராவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவள் விட்ட படிப்பைத் தனித்தேர்வராக மறுபடி எழுதுகிறாள்.

சுதந்திர தினத்தன்று மைதானத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் என் தனிப்பட்ட வணக்கம். அந்த வரிசையில் நான் இல்லை. மற்றவர்கள் அக்காவின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, கண்ணீர்ப் பொம்மை போட்டிருந்தீர்கள். அத்தனையும் பார்த்தேன். அதற்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை.