பழைய மாடல் கை

அந்தக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் மணிக்கட்டுதான். "மணிக்கட்டு எங்கே?" "மணிக்கட்டு சாப்பிடப் போயிருக்கார்." புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவருக்கோ அதைக் கேட்கக் கேட்க உச்சி குளிரும். பட்டப்பெயர் வைத்தால் சண்டைக்கு வரும் மனிதர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவர் என்னவோ மேடை ஏறி வாங்கிவந்ததைப் போல அதைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடை அது. புதியதும் உண்டு, ஒருவர் கட்டிக் கழற்றியதும் உண்டு. மணிக்கட்டின் வேலை காலையில் பெட்டகத்திலிருந்து கடிகாரங்களை எடுத்துத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பது, சாயங்காலம் திரும்பப் பெட்டகத்தில் அடுக்குவது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் விளம்பரப் படத்துக்கு வர வேண்டிய ஆள் வராமல் போனான். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு அங்குமிங்கும் நடந்தவர், இவரைப் பார்த்து நின்றார். "உன் கையக் காட்டு" என்றார். முடி இல்லாத, எலும்பு துருத்தாத, மாநிறமான, வழவழவென்ற கை. அன்றைக்குக் கட்டியதுதான். அதன்பிறகு கடையின் எந்தப் படத்திலும் வேறு கை வந்ததில்லை. முகம் தெரியாது. சட்டைக் கைமடிப்பிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் அவர். அது போதும் அவருக்கு. தெருவில் பெரிய விளம்பரப் பலகையைக் கடக்கும்போது, பக்கத்தில் வருகிறவரிடம் மெதுவாக, "அது நாந்தான்" என்பார்.

அந்தக் கையைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெயிலில் முழுக்கைச் சட்டை. காய் நறுக்க மாட்டார், கத்தி பட்டுவிடும். பாத்திரம் தேய்க்க மாட்டார், சோப்பு தோலை உரித்துவிடும். வாளி தூக்க மாட்டார், நரம்பு புடைத்துக்கொள்ளும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட இடது பக்கம் தூக்கியதில்லை. பிஞ்சு நகம் கீறிவிடுமாம்! "இந்த வீட்டுக்குச் சோறு போடற கை இது" என்பார். சோற்றை வடித்துப் போடுகிற கை எது என்று அவர் மனைவிக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த அம்மா ஒரு பேக்கரியில் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டுகளை இழுத்துப்போடும் வேலை செய்தார். மதியம் வீட்டுக்கு வந்தால், கணவர் தொடாமல் விட்டுவைத்த வேலை அத்தனையும் வாசலிலேயே காத்திருக்கும்.

கடையின் பேர்போன மாடல் ஒன்று உண்டு. நீல டயல், எஃகுச் செயின். அதில் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வரும். வரும்போதெல்லாம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள், வீடியோ போடுவார்கள். மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் புதியதன் கட்சி. முதல் தலைமுறையின் செயின் உள்ளே பொள்ளல், ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். இரண்டாவது வந்ததும் அதைத் தகர டப்பா என்று கேலி பேசினார். மூன்றாவது பெரிதாகவும் தடிமனாகவும் வந்தபோது இரண்டாவதைப் பொம்மைக் கடிகாரம் என்றார். மூன்றையும் கட்டிய கை ஊரில் தன்னுடையது ஒன்றுதான் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத பெருமை.

நான்காவது தலைமுறை வந்தது. வந்த அன்றே வினை ஆரம்பித்தது.

கம்பெனிக்காரர்கள் இந்த முறை அளவைக் குறைத்துவிட்டார்கள். சிறியது, மெலிசானது. பின்பக்கம் கண்ணாடி, உள்ளே சக்கரங்கள் சுற்றுவதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை கழற்றி மேசையில் போட்டால் திங்கட்கிழமையும் ஓடிக்கொண்டிருக்கும். படம் எடுக்கும் பெண் வந்து விளக்கையெல்லாம் வைத்து, அதை மணிக்கட்டின் கையில் கட்டிப் பார்த்தாள். வயது ஏற ஏற அவர் கையிலும் சதை போட்டிருந்தது. வேலை செய்யாத கை, வேறு என்ன ஆகும்? பூசணிக்காயில் பொத்தான் வைத்த மாதிரி இருந்தது. அவள் கேமராவை இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள்.

"அண்ணா, கொஞ்சம் சாய்ங்க... இல்ல, வேணாம், நேராவே வைங்க."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளே வந்தார். மணிக்கட்டு காலையில் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தார். பேக்கரி முடிந்து போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம். கைய எடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

ஒல்லியான, முறுக்கேறிய கை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தட்டு விளிம்பு சுட்ட தழும்பு ஒன்று குறுக்காக ஓடியது. பெண் ஓடிவந்து, கணவர் கையிலிருந்து புதிய கடிகாரத்தைக் கழற்றி மனைவி கையில் மாட்டினாள். விளையாட்டாக ஒரு படம் எடுத்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "வியாழக்கிழமை உங்களுக்கு லீவு கெடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

மணிக்கட்டின் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

பொறாமை என்றால் எதிர்க்கடைக்காரன் மேல் வரும், உடன்பிறந்தவன் மேல் வரும், கூட வேலை செய்கிறவன் மேல் வரும். தன் தட்டில் சோறு போடுகிற கையின் மேலேயே வந்தால் மனிதன் எங்கே போவான்? சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை எதிரே வந்து நின்றது. தண்ணீர் டம்ளரை நீட்டியது. கதவைச் சாத்தியது, மகளின் தலையைப் பின்னியது. இத்தனை வருடம் கண்ணில் படாத கை, இப்போது திரும்பின பக்கமெல்லாம் அதுதான். என்னதான் இருக்கிறது இதில்? தோல் காய்ந்திருக்கிறது, தழும்பு இருக்கிறது, நகம் ஒழுங்காக இல்லை. தான் பார்த்துப் பார்த்து வளர்த்த கையைத் தூக்கிக் கடாசிவிட்டு இதைப் போய்ப் பிடித்தார்களே!

மகள் வேறு காதில் புகை வரவைத்தாள். "அம்மா, நீயும் போர்டுல வருவியா? அப்பா மாதிரியே?"

"ம்க்கும், பெரிய போர்டு" என்றார் மணிக்கட்டு. "புது மாடலே ஒண்ணுத்துக்கும் ஒதவாது. சின்னப் பிள்ளைங்க கட்டறது. மூணாவது வந்துச்சு பாரு, அதுக்குப் பேரு வாட்ச்."

வாழ்நாளில் முதல்முறையாக அவர் பழைய தலைமுறையின் கட்சிக்கு மாறினார். கடையிலும் இதே பாட்டுதான். எடை பத்தாது என்றார், முள் மெலிசு என்றார், பின்கண்ணாடியைப் பார்க்க யார் வாட்சைக் கழற்றப்போகிறார்கள் என்றார். புதியதைக் கேட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர் பழையதை வாங்கிக்கொண்டு போனார். முதலாளிக்கு ஆச்சரியம்.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார். "என்னங்க, நாளைக்கு என்ன பண்ணணும், ஏது பண்ணணும்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. படம் எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் இறங்கி, நரம்பெல்லாம் அடங்கி, கை சமமாகிவிடும். தொங்கப் போட்டால் கதை கெட்டது. கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். மணிக்கட்டுக்கு இது தண்ணி பட்ட பாடு.

"கையத் தொங்கப் போட்டுக்க" என்றார்.

மடித்துக்கொண்டிருந்த துணி ஒரு கணம் நின்றது. "தொங்கப் போடணுமா?"

"ஆமா. கூப்பிடற வரைக்கும் தொங்கவே போட்டுக்க. தூக்கிடாத. அப்பதான் கை பளிச்சுனு இருக்கும். கிரீம் கிரீம்னு ஒண்ணும் தடவாத, வெளிச்சத்துல கண்ணக் கூசும்."

"சரிங்க" என்றார் மனைவி.

அவருக்கே சற்றுக் கூசத்தான் செய்தது. ஆனாலும் ஒருமுறை அந்தக் கை அசிங்கமாக வந்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை மேசையில் கறுப்புத் துணி விரித்து விளக்குகளைப் போட்டார்கள். பழைய மூன்றாம் தலைமுறை கணவர் கையில், புதிய நான்காம் தலைமுறை மனைவி கையில். இரண்டு கையும் ஒரே படத்தில். விளக்கைச் சரிசெய்யும் வரை மனைவி சுவரோரம் நின்றார், சொன்னபடியே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மணிக்கட்டு தன் கடிகாரத்தைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். நிமிர்ந்தபோதெல்லாம் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கம் நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வருவது அவர் கண்ணில் பட்டது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அதை மறைக்க இருமினார்.

"அக்கா, வாங்க" என்றாள் அந்தப் பெண்.

கேமரா வழியாகப் பார்த்தவள் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டம் பலித்துவிட்டது என்று மணிக்கட்டு காத்திருந்தார். அவளோ, "ஐயோ, இந்த நரம்பப் பாருங்க சார்! இப்படியே இருக்கட்டும் அக்கா, அசையாதீங்க!" என்று கத்தினாள். படபடவென்று எடுத்துத் தள்ளினாள்.

திரையில் படம் வந்தது. இடது பக்கம் தடிமனான பழைய கடிகாரம், அலமாரியிலிருந்து எடுத்துவைத்தது போன்ற ஒரு கையின்மேல். வலது பக்கம் மெல்லிய புதிய கடிகாரம். அதன் கீழே நரம்போடும் தழும்போடும், எதையோ செய்து முடித்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்த கை. எது கண்ணை இழுத்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டின் கண்ணே வலது பக்கம்தான் போனது.

"இதெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் முதலாளி, வாயெல்லாம் பல்லாக.

"எல்லாம் இவர் சொல்லிக் குடுத்ததுதான்" என்றார் மனைவி. "கையத் தொங்கப் போட்டுக்கன்னு இவர்தான் சொன்னாரு."

முதலாளி மணிக்கட்டின் முதுகில் தட்டினார். "பெரிய மனசுய்யா உனக்கு. வேற ஒருத்தனா இருந்தா வாயே தெறந்திருக்க மாட்டான். இனிமே புதுசெல்லாம் அம்மாவே பண்ணட்டும். பழசுக்குத்தான் நீ இருக்கியே."

மணிக்கட்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். பெரிய மனசுக்காரர் என்று பெயர் வாங்கிய பிறகு எதுவும் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, "நல்லாத்தான் பண்ணின" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி சாலையைப் பார்த்தபடியே, "கையத் தூக்கித்தான வெச்சிருக்கணும்?" என்றார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு... யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? போட்டோ எடுக்கற நாள்னா காலைல கண்ணாடி முன்னாடி கையத் தூக்கிக்கிட்டு நிப்பீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துட்டுதான இருக்கேன்."

மறுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தார். கடைசியில், "தெரிஞ்சுமா தொங்கப் போட்டே?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஏன்?"

"செவுத்தோரம் நின்னப்ப உங்களையே பாத்துட்டு இருந்தேன்" என்றார் மனைவி. "எப்பவாவது கிட்ட வந்து, 'வேணாம், கையத் தூக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. கூப்பிடற வரைக்கும் பாத்தேன்."

பஸ் வந்தது. அவர் மனைவி முதலில் ஏறினார்.