அம்மா உரக்கச் சொன்ன பெயர்

எங்கள் அம்மா இல்லாத முதலாவது ஆண்டு இன்றோடு நிறைகிறது. குண்டசாலை இல்லத்தில் நடைபெறும் ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறவினர்களின், அயலவர்களின் கைகளில் இந்த நினைவு மலரை நன்றியுடன் வைக்கிறோம். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அப்பாவையும், அப்பாவோடு ஒரே மாலையில் உயிர் பறிக்கப்பட்ட கிராமத்து மக்களையும் விட்டுவிட்டு எழுத முடியவில்லை. அம்மாவும் அப்படி எழுதுவதை விரும்பியிருக்க மாட்டார்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர் அம்மா. மூத்த பிள்ளை என்பதால் தங்கை தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. ஆனால் கோவிலில் சொல்லப்படும் ஜெபங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கொழுந்து பறிக்கப் போன இடத்தில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பெரியவர்கள் பேசி முடித்துக் கட்டிவைத்தார்கள்.

கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த லயத்துப் பெண்கள் காத்துவந்த வழக்கம். அம்மா அதில் மற்றவர்களையும் மிஞ்சியவர். அப்பாவின் பெயர் சூசை. ஆகையால் பிரார்த்தனையில் “புனித சூசையப்பரே” என்று வரும் இடத்தில் அம்மா வாயை மூடிக்கொள்வார். தாமே ஜெபத்தை நடத்த நேர்ந்தால், “திருக்குடும்பத்தின் தலைவரே” என்று மாற்றிச் சொல்வார். அப்பா விடமாட்டாராம்.

“ஏம் புள்ள, மோட்சத்துல இருக்குற பெரியவரு கோவிச்சுக்க மாட்டாரா?”

“அவரு ஒங்களப்போல வாயாடி இல்ல. பேசாம முட்டி போடுங்க.”

இந்த உரையாடலை அம்மா எங்களுக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா அப்போது மாற்றிக்கொள்ளும் குரல்தான்.

தோட்டத்தில் வேலை குறைந்து அடுப்பு எரியாத நாட்கள் வந்தபோது, காடு வெட்டிப் பயிர் செய்ய நிலம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் சில குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கின. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அவர்கள் போய்ச் சேர்ந்த எல்லைப்புறக் கிராமத்தைக் “கீழ ஊர்” என்றே எங்கள் வீட்டில் சொல்வோம். அங்கே தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளின. அடுத்த வளவில் இருந்தவர் சோமா பெரியம்மா. அம்மாவை அவர் “நங்கி” என்று, தங்கையாகவே அழைத்தார். அம்மா அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். அவர் அம்மாவுக்குக் குரக்கன் என்னும் கேழ்வரகு விதைக்கக் கற்றுக்கொடுத்தார்.

யுத்தம் அந்தப் பக்கமாக நகர்ந்து வந்தது. ஒரு மாலையில் ஆயுதம் ஏந்தியவர்கள் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். அப்பாவும் சோமா பெரியம்மாவின் கணவரும் கிணற்றுக் கட்டைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். வீடுகளுக்குள் இருந்த முதியவர்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. நான் நடக்கப் பழகிய குழந்தை. தம்பி அம்மாவின் வயிற்றில். சோமா பெரியம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தபடி காட்டோரத்துப் புதருக்குள் ஓடினார். விடியும்வரை தம் சேலைத் தலைப்பை என் வாய்மேல் மெதுவாக வைத்திருந்தாராம். நாங்கள் மூவரும் பிழைத்தது அந்தக் கையால்.

வந்தவர்கள் யார் என்ற பேச்சை அம்மா ஒருபோதும் எடுத்ததில்லை. நான் படித்தவள் என்ற துணிவில் கேட்டுப் பார்த்ததுண்டு. “செத்தவங்களப் பத்திக் கேளு, சொல்றேன்” என்பார்.

மறுநாள் தப்பியவர்களை அருகிலிருந்த பட்டணத்துக் கோவிலில் தங்கவைத்தார்கள். வடக்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் உதவிக்கு வந்து, இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதினார்.

“அம்மா, உங்கட அவரின்ர பேர் என்ன?”

அம்மாவுக்கு நா எழவில்லை. துக்கத்தால் மட்டுமல்ல, வழக்கத்தாலும்தான். கடைசியில் சொன்னாராம்: “கொழந்த சேசுவக் கையில வச்சிருப்பாரே, அந்தச் சாமி பேரு.”

“ஓம், ஓம், அந்தோனியார். விளங்குது அம்மா.”

அவர்மீது பிழையில்லை. குழந்தை இயேசுவை ஏந்திய சுரூபம் என்றால் இந்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அந்தோனியார்தான். இயேசுவை வளர்த்த தந்தையான சூசையப்பரும் குழந்தையை ஏந்தியிருப்பார் என்பது அவசரத்தில் தோன்றவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் சாமியார் “அந்தோனி” என்று வாசித்தபோது, “ஐயோ, அது யாரு அந்தோனி?” என்று அம்மா திரும்பிப் பார்த்தாராம். கடைசிவரை தம் கணவரின் பெயர் வராமலே போனபோதுதான், அந்த அந்தோனி அவரே என்று அம்மாவுக்கு உறைத்தது. அதன்பின் எழுந்து திருத்துவதற்கு அவரிடம் பெலன் இருக்கவில்லை. கிராமத்தில் சீமெந்தால் எழுப்பிய நினைவுத் தூணிலும் அந்தோனி என்றே எழுதினார்கள்.

கைக்குழந்தையோடும் வயிற்றுப் பிள்ளையோடும் மலையேறி வந்த அம்மாவை, ஹந்தானைத் தோட்டத்தில் இருந்த மாமாவும் மாமியும் தங்கள் லயத்துக் காம்பிராவுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே நெருக்கமாக இருந்த அந்த அறையில் ஒரு சேலையை நடுவே கட்டி எங்களுக்கென்று ஒரு பாதியைத் தந்தார்கள். தம்பி பிறந்தது அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம். அம்மா மீண்டும் கொழுந்துக் கூடையை எடுத்தார். மழையிலும் அட்டைக் கடியிலும் உழைத்து எங்களைக் கண்டி நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். நான் ஆசிரியையானதும், தம்பி சொந்தமாக வான் வண்டி ஓட்டுவதும் அந்தக் கைகளின் பலன்.

யுத்தம் முடிந்த பின்பு ஒருமுறை அம்மாவைக் கீழ ஊருக்கு அழைத்துச் சென்றோம். தூணில் அப்பாவின் பெயரைத் தேடிக் காணாமல் நான் கலங்கியபோது, அம்மா ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, “இதுதான் பாப்பா ஒங்கப்பா” என்றார். அன்றுதான் நடந்தது எங்களுக்குத் தெரியவந்தது. திருத்தச் சொல்வோம் என்றேன். “ஆண்டவருக்குத் தெரியும் யாருன்னு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஆனால் தமக்குப் பின் சூசை என்ற ஒருவர் அந்த மண்ணில் இருந்ததற்கும் இறந்ததற்கும் எந்த அடையாளமும் இராது என்ற எண்ணம் அவரை அரித்தது என்பதை நான் அறிவேன்.

அம்மா நோயுற்றிருந்த காலத்தில் சோமா பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். தூணில் வெடிப்பு விழுந்துவிட்டது, கிராமத்தார் கருங்கல்லில் புதிதாக நிறுத்துகிறார்கள், எழுத்து வெட்டும் வேலை தொடங்குகிறது என்றார். நான் பெயரைச் சொல்லிவிடுகிறேன் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அம்மா தடுத்தார்.

“தப்பாச் சொன்னது நான். திருத்துறதும் நானாத்தான் இருக்கணும். என்னயக் கூட்டிட்டுப் போங்க.”

வைத்தியர் தயங்கினார், பின்பு மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாக விளக்கி அனுமதித்தார். தம்பி தன் வானின் பின்னிருக்கையில் மெத்தை விரித்தான். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. அம்மா ஒரு முறைகூட முனகவில்லை.

கல் வெட்டுபவர் ஒரு சிங்களவர். தமிழ் எழுத்துக்களைப் பார்த்து அழகாக வெட்டுவார், பேச வராது. அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்தோம். கல் வெட்டுபவர் பெயரைக் கேட்டதும், அம்மா பழையபடியே தொடங்கினார்: “மாதாவோட வீட்டுக்காரரு… தச்சு வேல செஞ்சவரு…”

கல் வெட்டுபவர் திகைத்துப்போய் சோமா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அட, சொல்லு நங்கி! ஒன் மனுசன் எழும்பி வந்து அடிக்கவா போறான்? எழும்பி வந்தா நல்லதுதானே, என்ட மனுசனையும் கூட்டிட்டு வரச் சொல்லுவோம்!”

அம்மா சிரித்துவிட்டார். கண் நிறைந்திருக்க, வாய் சிரித்தபடியே, எங்கள் காதுகள் ஒருநாளும் கேட்டிராததைச் சொன்னார்: “சூசை.”

கல் வெட்டுபவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. “ஆயித் கியன்ன, அம்மே” என்று, மறுபடி சொல்லும்படி கேட்டார். அம்மா இன்னும் சற்று உரக்கச் சொன்னார். முதல் எழுத்து நீளுமா, குறுகுமா என்று அவர் சைகையால் வினவினார். அம்மா தம் மெலிந்த கையை நீட்டி, “சூ…சை” என்று இழுத்துச் சொன்னார். தம்பி அந்தப் பக்கம் திரும்பி வானின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். தூசு ஒன்றும் இருக்கவில்லை.

முதல் வெட்டு விழும்வரை அம்மா நகர மறுத்தார். இப்போது அந்தக் கல்லில், சோமா பெரியம்மாவின் கணவருடைய பெயருக்கு அடுத்து, இரு மொழிகளிலும் அப்பா இருக்கிறார்.

திரும்பி வந்த பின் அம்மாவுக்கு எஞ்சியிருந்தது சில மாதங்களே. ஆனால் எவ்வளவு பேசினார்! அடுத்த வீட்டாரிடம், மருந்து வாங்கிவரும் முச்சக்கர வண்டிக்காரரிடம், “எங்க சூசை இருந்தா இந்த மரத்த இப்பிடி வளர விட்டிருக்க மாட்டாரு” என்பார். சொல்லிவிட்டு, புதுப்பெண்ணைப் போல ஒரு நாணத்தோடு சுற்றிப் பார்ப்பார். பெரியாஸ்பத்திரியில் கடைசியாக அனுமதிக்கும்போது கணவரின் பெயரைத் தாதி கேட்டார். எப்போதும்போல நான் வாய் திறப்பதற்குள், படுக்கையிலிருந்து அம்மாவே தெளிவாகப் பதில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, தம்பியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

நோயில் அம்மாவைக் கைவிடாத வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் பாராமல் சோறும் சுடுநீரும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், அடக்கத்தன்று பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த ஹந்தானை இளைஞர்களுக்கும், எங்களுக்குப் பாதி அறையைத் தந்து முழு வாழ்வைத் தந்த மாமாவுக்கும் மாமிக்கும் எங்கள் நன்றி. கூலியை வாங்க மறுத்த கல் வெட்டுபவருக்கும் நன்றி. இந்தத் தள்ளாத வயதிலும் பேருந்து மாறி மாறி இன்று இங்கு வந்து அமர்ந்திருக்கும் சோமா பெரியம்மாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. எங்கள் உயிரே அவர் தந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று அம்மாவுக்காக ஜெபிக்கும்போது, அந்தக் கல்லில் உள்ள அனைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெயர்கள் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எங்கள் அம்மா பெயர் சொல்லாமல்தான் ஜெபித்தார். ஒரு நாளும் அது வழிதவறிப் போனதாக அவர் நினைக்கவில்லை.